பழகிய கண்களும் பழைய சுவரும்

தட்டாஞ்சாவடி என்னும் பெயரை நாம் ஒரு நாளில் எத்தனை முறை சொல்லுகிறோம்! பேருந்து நடத்துநரிடம் சொல்லுகிறோம். கடிதத்தின் மேல் எழுதுகிறோம். தேர்தல் காலத்தில் சுவர்தோறும் காண்கிறோம். ஆயினும், அப்பெயருக்குள் ஒரு தட்டானும் ஒரு சாவடியும் இருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தட்டான் என்பவர் பொன்வேலை செய்பவர். சாவடி என்பது வழிப்போக்கர் இளைப்பாறும் இடம். கேட்கும் காது இருந்தால், ஒரு சிறு சுத்தியலின் ஓசையையும், சுமையை இறக்கி வைத்து அமரும் ஒரு பயணியின் பெருமூச்சையும் அச்சொல்லில் கேட்கலாம். நமக்கோ அது வெறும் முகவரியாகிவிட்டது.

இன்று தட்டாஞ்சாவடியில் கேட்பது தொழிற்பேட்டையின் ஓசை. அப்பகுதிக்குப் புதிதாகக் குடிவருவோர் முதல் சில இரவுகள் உறங்க முடியாமல் தவிப்பர். மாதம் ஒன்று கழிந்தால் அதே ஓசையின் நடுவே குழந்தையும் அயர்ந்து உறங்கும். பின்னர் மின்சாரம் தடைப்பட்டு இயந்திரங்கள் நிற்கும் இரவில்தான் விழிப்பு வருகிறது. ஓசை குறையவில்லை, நம் காது அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதை நிறுத்திவிட்டது.

இதைக் குறையென்று முற்றிலும் தள்ளிவிட முடியாது. கண்ணில் படுவது, காதில் விழுவது அனைத்தையும் ஒவ்வொரு கணமும் புதிதாக உணர்ந்துகொண்டிருந்தால் மனிதன் ஒரு நாளும் வாழ முடியாது. பழக்கம் படைத்தவர் தந்த கொடை. ஆனால் "பழகப் பழகப் பாலும் புளிக்கும்" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது, அக்கொடைக்கு ஒரு விலையும் உண்டு என்பதை அறிந்துதான். அவ்விலையை நாம் எங்கே கொடுக்கிறோம் என்பதைப் புதுவைத் திருச்சபையின் பழைய ஏடு ஒன்றைப் புரட்டி ஆராய விழைகிறோம்.

சம்பா கோயில்

தட்டாஞ்சாவடியிலிருந்து நகருக்குள் சென்றால், மிஷன் வீதியில் சென்மராக்கினி அன்னையின் பேராலயம் நிற்கிறது. 1770-ஆம் ஆண்டு தொடங்கி 1791-இல் நிறைவுற்ற ஆலயம் அது. அதைப் புதுவை மக்கள் சம்பா கோயில் என்றே சொல்லி வந்தனர். சம்பா நெல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அவ்விடத்தில் முன்பு இயேசு சபையார் எழுப்பியிருந்த ஆலயம் புனித பவுலின் பெயரைத் தாங்கியது. பிரெஞ்சு மொழியில் 'சேன் போல்' என்றது மக்கள் நாவில் தேய்ந்து 'சம்பா' ஆயிற்று என்பர். அக்காலத் தமிழ்க் கிறிஸ்தவர் பவுலடியாரைச் சின்னப்பர் என்றே அறிந்திருந்தனர். ஆகவே, சம்பா கோயிலுக்குப் போகிறோம் என்று சொன்னவருக்குத் தாம் சின்னப்பரின் வீட்டுக்குப் போகிறோம் என்ற நினைவு எழுந்திருக்க வழியில்லை. தட்டாஞ்சாவடிக்கு நேர்ந்தது சம்பா கோயிலுக்கும் நேர்ந்தது.

பெயர் தேய்வது பெரிய இழப்பன்று. அப்பெயருக்கு உரியவர் சொல்லிச் சென்ற செய்தியும் கூடவே தேய்ந்துபோனதுதான் இழப்பு. எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில், இரு வேறு இனத்தாரைப் பிரித்து நின்ற சுவரைக் கிறிஸ்து தம் உடலையே விலையாகக் கொடுத்துத் தகர்த்துவிட்டார் என்று பவுலடியார் அறிவிக்கிறார். எருசலேம் திருக்கோவிலில் யூதரல்லாதோர் தாண்டக்கூடாத ஒரு தடுப்பு இருந்தது. தாண்டுவோர் உயிர் இழப்பர் என்று கிரேக்க மொழியில் எச்சரிக்கும் கல்வெட்டு ஒன்று 1871-இல் எருசலேமில் கண்டெடுக்கப்பட்டது. அத்தடுப்பைக் கண்ணால் கண்டவர் பவுல். சுவர் என்று அவர் சொன்னபோது அது அவருக்கு உவமை மட்டுமன்று.

அவர் பெயரால் புதுவையில் எழுந்த அந்த ஆலயத்துக்குள்ளேயே ஒரு சுவர் இருந்தது.

1745-ஆம் ஆண்டின் குறிப்பு

இச்செய்தியை நமக்குச் சொல்பவர் கிறிஸ்தவர் அல்லர். துய்ப்ளெக்ஸ் ஆளுநராக இருந்த காலத்தில் தலைமைத் துபாஷாக உயர்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதி வைத்த நாட்குறிப்பில் இது இடம்பெறுகிறது. கப்பல் வந்ததும் சரக்கு விலையும் போர்ச் செய்தியும் எழுதிய அதே கை, 1745 அக்டோபரில் சம்பா கோயிலுக்குள் நடந்ததையும் எழுதி வைத்தது.

ஆலயத்தின் வடபுறத்தில் ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. அதன் ஒரு பக்கத்தில், அந்நாளில் பறையர் என்று ஒதுக்கப்பட்டிருந்த கிறிஸ்தவர் நின்று திருப்பலி கண்டனர். மறுபக்கத்தில் சாதிக் கிறிஸ்தவரும் சட்டைக்காரரும் ஐரோப்பியரும் இருந்தனர். காரைக்காலில் பணியாற்றிய குரு ஒருவர் அச்சமயம் புதுவைக்கு வந்திருந்தார். ஒடுக்கப்பட்ட மக்கள் திரண்டு வந்து தங்கள் வழக்கைக் குருக்கள்முன் வைத்தனர். நாங்களும் உங்கள் சீடர்கள் என்றால், ஆண்டவர் முன்னிலையில் எங்களுக்கு மட்டும் ஏன் இந்தப் பிரிவு என்பதே அவர்கள் கேட்டதன் சாரம். கேள்வி நியாயமானது என்று கண்ட குரு சுவரை இடிக்கச் செய்தார். எல்லாரும் கலந்து நின்று வழிபடலாம் என்றார்.

அதன்பின் நிகழ்ந்தவை நாம் ஊகிக்கக் கூடியவையே. சாதிக் கிறிஸ்தவர் கொதித்து எழுந்தனர். கூட்டம் கூடினர். ஆலயத்துக்குப் போவதில்லை என்ற பேச்சு எழுந்தது. செய்தி ஆளுநர்வரை சென்றது. கூட்டம் கூடுவோரைப் பிடிக்கும்படி ஆணை பிறந்தது.

இங்கே நாம் மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. அதே நிகழ்ச்சியின் தொடர்ச்சியாக, நகையும் நறுமணமும் மெல்லிய ஆடையுமாக ஆலயத்துக்கு வந்த செல்வர் வீட்டுப் பெண் ஒருவரை அக்குரு எல்லார் முன்னும் கடுமையாக அவமதித்தார் என்றும் பிள்ளை எழுதுகிறார். சுவரின் அநீதியைக் கண்ட கண்ணுக்கு, தன் எதிரே நின்ற பெண்ணின் மானம் தெரியவில்லை. ஒரு குருட்டுத்தன்மை நீங்கினால் எல்லாம் நீங்கிற்று என்று பொருளாகாது.

சுவர் எவ்வாறு கண்ணுக்கு மறைந்தது?

அச்சுவருக்கு அருகே நின்று நாள்தோறும் திருப்பலி நிறைவேற்றியவர்கள் கொடியவர்களா? அப்படிச் சொல்லிவிட்டால் நமக்கு எளிதாகிவிடும். அவர்களுள் கற்றறிந்தோர் இருந்தனர். தாய்நாட்டையும் உற்றாரையும் துறந்து கடல் கடந்து வந்தோர் இருந்தனர். இந்நாட்டு உணவையும் உடையையும் ஏற்றுத் தம்மை ஒறுத்தோர் இருந்தனர். பவுலடியாரின் திருமுகம் அந்நாளில் இலத்தீனில் வாசிக்கப்பட்டது. மக்களுக்கு அதன் பொருள் விளங்காமல் போயிருக்கலாம். வாசித்த குருக்களுக்கு விளங்கியிருக்கும். விளங்கியும், வாசகத்தில் வந்த சுவரையும் பக்கத்தில் நின்ற சுவரையும் அவர்கள் மனம் இணைத்துப் பார்க்கவில்லை.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1703 நவம்பரில் திருத்தந்தையின் தூதராகத் தூர்னோன் என்பவர் புதுவையில் வந்து இறங்கினார். நோயுற்றிருந்த அவர் உள்நாட்டு மறைத்தளங்களை நேரில் காணாமலே, 1704-இல் புதுவையிலிருந்து ஓர் ஆணையைப் பிறப்பித்தார். தமிழ்க் கிறிஸ்தவர் கைக்கொண்டிருந்த பல வழக்கங்களை அது தடைசெய்தது. தாலியின் வடிவம், திருமணச் சடங்குகள், நீராடல், நெற்றிக்குறி ஆகியவற்றில் அவர் தலையிட்டது, இந்நாட்டுப் பண்பாட்டை அறியாத அயலாரின் அவசரம் என்று இன்று நாம் சொல்லக்கூடும். ஆனால் அதே ஆணையில், ஒடுக்கப்பட்டோரின் குடிசைகளுக்கே சென்று நோயாளிகளுக்கு அருளடையாளங்களை வழங்க வேண்டும், மறுக்கலாகாது என்றும் இருந்தது. சாகக் கிடப்பவரின் குடிசைக்குள் குரு நுழையாமல் இருப்பது இங்கே பழகிப்போன வழக்கம். புதிதாக வந்தவருக்கு அது அதிர்ச்சி. புதியவர் பலவற்றைத் தவறாகக் கண்டார். பழகியவர் காணாத ஒன்றைச் சரியாகவும் கண்டார்.

வழக்கு நாற்பது ஆண்டுகள் நீண்டது. 1744 செப்டம்பரில் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணைமடல் அதை முடித்து வைத்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று தனியாகச் சில குருக்களை நியமிப்பது என்ற ஏற்பாடு அப்போது ஏற்கப்பட்டது. குடிசைக்குக் குரு வந்தார். ஆனால் அவர் அக்குடிசைகளுக்கு மட்டும் உரிய குரு. அநீதியை ஒழிப்பதற்குப் பதிலாக, அதை நெருடல் இல்லாமல் நடத்தும் வழி கண்டுபிடிக்கப்பட்டது. பழக்கம் இப்படித்தான் வேலை செய்கிறது. முதலில் ஒன்றைப் பொறுத்துக்கொள்ளச் செய்கிறது. அடுத்து அதற்கு ஒரு நியாயம் சொல்லச் செய்கிறது. முடிவில் அது இருப்பதையே மறக்கச் செய்கிறது. இவ்வாணைமடல் வெளியான மறு ஆண்டில்தான் சம்பா கோயிலின் சுவரைப் பற்றிய கேள்வி எழுந்தது.

கேட்டவர் யார் என்பதைக் கவனிப்போம். சுவரின் இந்தப் பக்கத்தில் வசதியாக இருந்தவர் எவரும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் நின்றவர்கள் கேட்டனர். அவர்களுக்குச் சுவர் ஒருநாளும் பழகவில்லை. வலியைத் தருவது எளிதில் பழகுவதில்லை; பிறருக்கு வலி தருவதுதான் விரைவில் பழகிவிடுகிறது.

கனகராய முதலியாரின் விருந்து

தட்டாஞ்சாவடிக்கு அண்மையில் ரெட்டியார்பாளையத்தில் புனித அந்திரேயா ஆலயம் உள்ளது. இதை முதன்முதலில் எழுப்பியவர் கனகராய முதலியார். ஆனந்தரங்கப் பிள்ளைக்கு முன் தலைமைத் துபாஷாக இருந்தவர். புதுவைத் தமிழ்க் கிறிஸ்தவர்களுள் அந்நாளில் முதன்மை பெற்றவர். இளமையில் இறந்துபோன மகனின் நினைவாக அவர் இவ்வாலயத்தைக் கட்டினார். மகனின் பெயர் வேலவேந்திர முதலி என்று காணப்படுகிறது. அந்திரேயாவுக்கு நம் முன்னோர் வழங்கிய பெலவேந்திரர் என்னும் பெயரே அது. புனிதரின் திருநாளாகிய நவம்பர் 30 அன்று, 1745-இல், ஆலயத் திறப்பு விழா நடைபெற்றது. சம்பா கோயில் சுவர் விவகாரம் எழுந்து ஆறு வாரங்களே ஆகியிருந்தன.

அவ்விழாவையும் பிள்ளை விரிவாக வரைகிறார். பார்ப்பனர், வேளாளர், செட்டிகள், தட்டார், நெசவாளர் எனப் பல சாதியாரையும் ஐரோப்பியரையும் முதலியார் அழைத்துப் பெருவிருந்து அளித்தார். ஒவ்வொரு சாதியாரின் ஆசாரத்துக்கும் ஊறு நேராதபடி சமையலும் பந்தியும் தனித்தனியாக அமைந்தன. எவர் மனமும் கோணாமல் நடத்தப்பட்ட விருந்து அது. பிள்ளை அந்த ஏற்பாட்டின் நேர்த்தியைக் கூறுவதோடு, ஓர் இந்து செய்திருந்தால் இன்னும் சிறப்பாக இருந்திருக்கும் என்ற தம் கருத்தையும் சேர்த்துக்கொள்கிறார்.

மகனை இழந்த தந்தையின் துயரம் உண்மையானது. ஆலயத்தில் அவர் கொட்டிய பொருளும் பக்தியும் உண்மையானவை. விருந்தளித்த உள்ளமும் தாராளமானதே. இத்தனையும் உண்மையாக இருக்க, எல்லாரும் ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் திருவிருந்தை ஆலயத்துக்குள் கொண்டாடிவிட்டு, வெளியே வந்து தனித்தனிப் பந்தி வைப்பதில் அவருக்கு ஒரு முரணும் தோன்றவில்லை. நாம் அவரைப் பழிக்க இதை எழுதவில்லை. பக்தி மிகுந்தவருக்கும் இது நேரும் என்பதை நாம் அறிய வேண்டும். விசுவாசக் குறைவால் வரும் குருட்டுத்தன்மையைத் திருச்சபை எளிதில் கண்டுகொள்கிறது. விசுவாசத்தோடு கூடவே குடியிருக்கும் குருட்டுத்தன்மையைத்தான் கண்டுகொள்வதில்லை.

மீண்டும் எழும் சுவர்கள்

1761-இல் ஆங்கிலேயர் புதுவையைக் கைப்பற்றி நகரை இடித்துத் தரைமட்டமாக்கியபோது சம்பா கோயிலும் இடிந்தது. சுவர் நின்ற கட்டடமே இன்று இல்லை. ஆனால் சுவரை எழுப்பிய மனம் கட்டடத்தோடு இடியவில்லை என்பதற்குத் தமிழகத்தின் தென்கோடியில் உள்ள வடக்கன்குளம் சான்றாகிறது.

திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில், 1872-இல் எழுந்த பரலோக மாதா ஆலயம் ஒரு விந்தையான வடிவம் கொண்டது. பீடம் ஒன்று, அதிலிருந்து இரு கால்கள்போலப் பிரிந்து செல்லும் கூடங்கள் இரண்டு, நடுவே சுவர். வேளாளர் ஒரு கூடத்திலும் நாடார் மற்றொரு கூடத்திலும் நின்று, ஒருவரை ஒருவர் காணாமல், ஒரே பீடத்தைக் காண வகைசெய்யப்பட்டது. எருசலேமில் தடுப்புச் சுவரின் கல்வெட்டு வெளிப்பட்டதற்கு மறு ஆண்டில், நம் மண்ணில் ஒரு தடுப்புச் சுவரே கட்டடக் கலையாகிவிட்டது. 1910-இல் கௌசானல் அடிகள் அச்சுவரை இடிக்கச் செய்தார். சுவரை இழந்தவர்கள் நீதிமன்றம் சென்றனர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்று, அவர்கள் கோரிய உரிமை கிடைக்காமல் முடிந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டு நின்ற சுவர் பிறப்புரிமைபோல் தோன்றியதால்தான், அது நீங்கியது திருட்டுப்போலப் பட்டிருக்கிறது.

நாசரேத்தில் நேர்ந்தது

இப்பழைய செய்திகளை நாம் கிளறுவது எதற்காக? நற்செய்தியிலேயே இதன் வேர் இருக்கிறது. மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் இயேசு தம் சொந்த ஊருக்கு வருகிறார். தொழுகைக்கூடத்தில் போதிக்கிறார். கேட்டவர்கள் முதலில் வியக்கின்றனர். அடுத்த கணமே அவர்களுடைய நினைவு குறுக்கே நிற்கிறது: இவர் நாம் அறிந்த தச்சர் அல்லவா, இவர் தாயையும் உறவினரையும் நாம் அறிவோமே! அவர்கள் சொன்னதில் பொய்யொன்றும் இல்லை. அறிந்தது உண்மைதான், அறிந்தது போதும் என்று எண்ணியதுதான் பிழை. பகைமையால் ஆண்டவரைத் தள்ளியவர்கள் எருசலேமில் இருந்தனர். பழக்கத்தால் தள்ளியவர்கள் நாசரேத்தில் இருந்தனர். ஞானக்குளியல் பெற்றுப் பல தலைமுறை கண்ட குடும்பங்களில் பிறந்த நாம் இவ்விரு ஊர்களுள் எவ்வூரார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஐந்து அப்பங்கள் பலுகிய நற்செய்திப் பகுதியை விளக்கும்போது புனித அகுஸ்தினார் ஒரு கருத்தை முன்வைக்கிறார். சில விதைகளிலிருந்து ஆண்டுதோறும் வயல்கள் நிறைய விளைவது, அப்பங்கள் பலுகியதைவிடச் சிறிய புதுமையன்று. நாள்தோறும் நடப்பதால் அதைக் கண்டு எவரும் வியப்பதில்லை என்கிறார். பாகூர்ப் பக்கம் நெல் விளையும் வயல்களைக் கடந்து செல்லும் நாம் இதைப் படித்துச் சற்றே நாணலாம்.

நம் காலத்துச் சான்று ஒன்றையும் காண்போம். 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டது. மக்கள் முழுமையாகவும் உணர்ந்தும் செயல்முறையிலும் பங்கேற்க வேண்டும் என்பது அதன் பெருவிருப்பம். சில ஆண்டுகளில் திருப்பலி தமிழில் ஒலித்தது. அதுவரை குருவின் முதுகையே கண்டு, பொருள் விளங்காத மொழியைக் கேட்டுவந்த மக்கள், முதன்முறையாகத் தம் தாய்மொழியில் ஆண்டவரின் விருந்துக்கு அழைக்கப்பட்டனர். இன்று அதே தமிழ்ச் சொற்களை நம் உதடுகள் எவ்வளவு வேகமாக உருட்டிச் செல்கின்றன! விளங்காத மொழியில் நின்ற தூரத்தை, விளங்கும் மொழியிலேயே நாம் மீண்டும் உண்டாக்கிக்கொண்டோம். மொழியை மாற்றுவது சங்கத்தால் இயன்றது. உணர்ந்து சொல்வது நம்மிடம் விடப்பட்டது.

2020-ஆம் ஆண்டு மார்ச்சில் பெருந்தொற்றால் ஆலயக் கதவுகள் மூடப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரல் 12 அன்று வந்த உயிர்ப்புப் பெருவிழாவை நாம் வீட்டிலிருந்து, தொலைக்காட்சியின் முன் அமர்ந்து கொண்டாடினோம். நற்கருணை வாங்காத நாக்கின் வறட்சியை அன்று பலர் உணர்ந்தனர். கதவுகள் மீண்டும் திறந்தபோது கண்கள் கலங்கின. அக்கலக்கம் எத்தனை ஞாயிறுகள் நீடித்தது? இயந்திரங்கள் மீண்டும் ஓடத் தொடங்கியவுடன் உறங்கிவிடும் தொழிற்பேட்டைவாசிகள்போல நாமும் உறங்கிவிட்டோம்.

நம் பக்கத்துச் சுவர்

நன்மை பழகிப்போனால் நன்றி மங்குகிறது. தீமை பழகிப்போனால் நீதி மங்குகிறது. முதலாவதைப் பற்றித் தியானங்களில் அடிக்கடி கேட்கிறோம். இரண்டாவதைப் பற்றி அவ்வளவாகக் கேட்பதில்லை. இரண்டும் ஒரே நோய் என்பதே இவ்வரலாறு நமக்குச் சொல்வது. நற்கருணையைக் காணாமல் உண்ணும் கண்ணே பக்கத்தில் நிற்பவரையும் காணாமல் விடுகிறது.

2003 நவம்பர் 17 அன்று, உரோமைக்குச் சென்ற தமிழக, புதுவை ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாதிப் பிரிவினையை நிலைநிறுத்தும் வழக்கங்கள் எதுவாயினும் திருத்தப்பட வேண்டும் என்று வலியுறுத்தினார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டது. இந்தியக் கத்தோலிக்கர் ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் பேரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித் மக்கள் என்று அப்போது தெரிவிக்கப்பட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு என்று ஆயர்கள் வெளிப்படையாக ஒப்புக்கொண்டனர். 1745-இல் வாய்மொழியாக எழுந்த கேள்விக்கு, 271 ஆண்டுகளுக்குப் பின் எழுத்தில் கிடைத்த விடை என்றே இதைக் கொள்ளலாம்.

ஏடுகளில் விடை கிடைத்துவிட்டது. பங்குகளில்? செங்கல்லால் கட்டிய சுவர் இன்று அரிது. ஆனால் கல்லறைத் தோட்டத்தில் எவர் எந்த மூலையில் புதைக்கப்படுகிறார் என்பதற்கு எழுதப்படாத விதி இருக்கும் ஊர்கள் உண்டு. திருநாள் தேர் எந்தத் தெருவரை வந்து திரும்புகிறது என்பதைச் சிறு குழந்தையும் சொல்லும் ஊர்கள் உண்டு. திருவிழா உபயம் எந்தக் குடும்பங்களுக்கு உரியது, பாடற்குழுவில் யார் முன்வரிசை, முதல் மரியாதை யாருக்கு என்பவையெல்லாம் 'வழக்கம்' என்னும் ஒரு சொல்லால் மூடப்பட்டிருக்கின்றன. வழக்கம் என்று நாம் சொல்லும் இடத்தில் நின்று, இதன் மறுபக்கத்தில் யார் நிற்கிறார் என்று ஒரு முறை எட்டிப் பார்ப்பது பயனுள்ளது.

சம்பா கோயில் நிகழ்ச்சி இதற்கு மூன்று வழிகளைக் காட்டுகிறது. முதலாவது, வலியுணர்ந்தவர் பேசும்போது செவிகொடுப்பது. அன்று கேள்வியோடு வந்தவர்களைக் குருக்கள் விரட்டியிருந்தால் சுவர் நின்றிருக்கும். இரண்டாவது, புதிதாக வந்தவரின் வியப்பை அலட்சியம் செய்யாதிருப்பது. புதிய பங்குத்தந்தையோ மருமகளாக வந்த பெண்ணோ "ஏன் இங்கே இப்படி?" என்று கேட்டால், "இங்கே எப்போதும் இப்படித்தான்" என்று வாயடைக்காமல், அக்கேள்வியை ஒரு வாரமாவது மனத்தில் வைத்துப் பார்ப்பது. மூன்றாவது, ஆனந்தரங்கப் பிள்ளையைப்போல நம்மை வெளியிலிருந்து பார்க்கும் அயலாரின் சாட்சியத்துக்கு அஞ்சாதிருப்பது. நம் ஆலயத்துக்குள் இருந்த சுவரைப் பற்றி நாம் அறிய ஓர் இந்துவின் நாட்குறிப்பு துணைசெய்தது என்பதை நன்றியோடு நினைப்போம்.

இவற்றோடு எளிய பயிற்சி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆலயத்தில் நம்மில் பலருக்கு நிலையான ஓர் இடம் உண்டு. அதே தூண், அதே மின்விசிறி, அருகில் அதே முகங்கள். வரும் ஞாயிறு அன்று மறுபுறம் சென்று, பெயர் தெரியாத ஒருவரின் அருகில் அமர்வோம். அங்கிருந்து பீடம் வேறு கோணத்தில் தெரியும். சமாதான வாழ்த்து பரிமாறும் நேரம் வரும்போது நம் கைகள் வேறு கைகளைத் தேடிச் செல்லும். அவர் பெயரைக் கேட்டறிந்துகொண்டு வீடு திரும்புவோம். அவர் தட்டாஞ்சாவடியிலிருந்து வருவதாகச் சொன்னால், அச்சொல்லுக்குள் வழிப்போக்கருக்காக ஒரு சாவடி திறந்திருப்பதை அன்றாவது நினைத்துக்கொள்வோம்.